ஆழி உதிக்கும் ஊர்

கிறிஸ்டினாவின் முதல் தொடர்கதை 1998 ஆகஸ்டில் அச்சில் வர ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. நெய்வேலிச் சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக வேலை. சுரங்கம் எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓட வேண்டும் என்று டிரேசிங் ஷீட்டில் மையால் கோடு போடுவதுதான் அவள் தொழில்.

கதை எழுதும்போதும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஆறு ஓடுகிறது என்று எழுத வேண்டுமானால் அது எந்த மேட்டில் பிறந்து எந்தப் பள்ளத்தில் சேர்கிறது என்று முதலில் வரைந்து பார்த்தாக வேண்டும். ஆறு வருஷமாக அவள் ஒரு நிலவை வரைந்துகொண்டிருந்தாள். 'சுனை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். ஆழி என்ற பெரிய கோளை எட்டு நாளைக்கு ஒருமுறை சுற்றிவரும் நிலவு அது. மரம், ஏரி, ஊர், ஜனம் எல்லாம் உண்டு. சின்ன நிலவால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று டவுன்ஷிப் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்த பிறகு சுனையை இரண்டு மடங்கு பெரிதாக்கினாள். அதற்காக வரைபடம் முழுவதையும் புதிதாகப் போட்டாள். அந்த நிலவில் வாழும் நாச்சி என்ற பெண்ணின் கதையைத்தான் சென்னையிலிருந்து வரும் ஒரு மாத இதழ் பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது.

முதல் பகுதி வந்து மூன்றாவது வாரம், இதழ் அலுவலகம் ஒரு வாசகர் கடிதத்தை அவளுக்குத் திருப்பி அனுப்பியது. குண்டு குண்டான, நேரான கையெழுத்து.

"மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம். 'சுனை' தொடரின் முதல் பகுதியை இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய கோளுக்கு அவ்வளவு பக்கத்தில், கோடிக்கணக்கான வருஷங்களாகச் சுற்றும் நிலவு, நம் நிலவைப் போலவே ஒரே முகத்தைத்தான் அதற்குக் காட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் சுனையில் இருப்பவர்களுக்கு ஆழி வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். உதிக்காது, மறையாது. நாச்சியின் ஜன்னலில் அது தினமும் எப்படி உதித்தது? தவறாக நினைக்க வேண்டாம். கதை பிடித்ததால் கேட்கிறேன். இப்படிக்கு, சங்கீதா, குள்ளஞ்சாவடி."

பெயருக்குக் கீழே ஒரு டெலிபோன் பூத்தின் முகவரி இருந்தது.

கிறிஸ்டினாவுக்குக் கோபம் வந்தது. யார் இந்தப் பெண், பூத்தில் உட்கார்ந்துகொண்டு என் நிலவைத் திருத்துவதற்கு? கடிதத்தைக் கைப்பைக்குள் திணித்தாள். மாலை குவார்ட்டர்ஸுக்கு வரும்வரை அதை மறுபடி எடுக்கவில்லை. ஆனாலும் அது என்ன சொல்கிறது என்பது மனசில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

வீட்டில் அவள் கணவன் தைரியநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளில் ஆபரேட்டர். அன்றைக்கு விடிகாலை ஏ ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்த முகம்.

"என்னங்க, அந்த ஸ்டூல நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டு உக்காருங்க."

"எதுக்கு?"

"நீங்கதான் ஆழி. நான் சுனை. உங்களச் சுத்தி வரப் போறேன்."

தைரியநாதன் டீ டம்ளரோடு நடுவில் வந்து உட்கார்ந்தான். நெல்லிக்குப்பத்தில் பிறந்தவன். கேள்வி அதிகம் கேட்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. கிறிஸ்டினா அவனுக்கு எதிரே நின்று, முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து மெதுவாகச் சுற்றினாள். அவன் தலைக்குப் பின்னால் காலண்டர் போயிற்று, பீரோ போயிற்று, ஜன்னல் போயிற்று, மாதா படம் போயிற்று. ஸ்டூலிலேயே அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த அவன் மட்டும் அவள் மூக்குக்கு நேரே அப்படியே இருந்தான்.

"இன்னா தெரியுது உங்களுக்கு?"

"உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருக்கேன். முதுவு ஒரு தரம்கூடத் தெரியல."

கிறிஸ்டினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொண்ணு சொல்றது சரிங்க. எனக்கு நீங்க நகரவேயில்ல."

தப்பு சின்னதாக இருந்திருந்தால் அவள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். கதையின் முதல் காட்சியே ஆழி உதிப்பதுதான். கடைசிக் காட்சியும் அதுதான். ஆழி மலைக்கு மேல் எழும் நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போன நாச்சியின் அப்பா அந்த நேரத்தில்தான் திரும்பி வருகிறார். ஆழி எழாவிட்டால் அவர் வருவதற்கு நேரமே இல்லை.

டிராயிங் ஆபீசில் அவளுடைய தலைவர் சிவப்பிரகாசம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தப்பான டிராயிங் வெளியே போய்விட்டால், போட்டவரே போய்த் திரும்ப வாங்கி வர வேண்டும். யார் கண்ணிலும் படவில்லை என்ற பேச்சே கூடாது. கிறிஸ்டினா அன்றைக்கே இதழாசிரியருக்கு எழுதினாள். தொடரை நிறுத்திவிடுங்கள், அடிப்படையிலேயே பிழை இருக்கிறது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. "அம்மா, இது கதைதானே. ஆயிரத்தில் ஒருவர் கவனித்திருக்கிறார். இரண்டாம் பகுதி அச்சுக்குப் போய்விட்டது. அதில் ஆழி வரவில்லை என்பதால் கவலையில்லை. வேண்டுமானால் அக்டோபரில் ஓர் இதழ் இடைவெளி விடுகிறேன். அதற்குள் சரி செய்யுங்கள். முடியாவிட்டால் இருப்பது அப்படியே இருக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிறிஸ்டினா கடலூர் பஸ் ஏறிக் குள்ளஞ்சாவடியில் இறங்கினாள். கடைத்தெரு முனையில் மஞ்சள் போர்டு போட்ட பூத். வாசலில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் ஈரச் சாக்கின் மேல் வெற்றிலைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மேசைக்குப் பின்னால் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண்.

"எந்த ஊருக்குப் போடணுங்க?"

"போன் பண்ண வரலம்மா. சங்கீதாங்கறது..."

"நாந்தாங்க."

"நான் கிறிஸ்டினா. நெய்வேலியிலேருந்து வரேன். சுனை."

சங்கீதா சடாரென்று எழுந்தாள். "ஐயோ மேடம். நான் எதுனா தப்பா எழுதிட்டனா?"

"நீ எழுதல. தப்பா எழுதினது நான்தான்."

வாசலில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சங்கீதாவின் மாமியார் கனகம். "இன்னா எழுதன? யாருக்கு எழுதன?"

"ஒரு கதை வந்திச்சு அத்தை. அதுல நிலாவப் பத்தி சந்தேகம் கேட்டு எழுதனேன்."

கனகம் கிறிஸ்டினாவை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கா பஸ் ஏறி வந்த?"

"ஆமாங்க."

"அப்ப வெளிய நிக்காத. உள்ள போயி உக்காரும்மா."

ஒவ்வொரு போன் காலுக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் இருவரும் பேசினார்கள். சங்கீதா கடலூரில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். மேலே படிக்க இடம் கிடைத்த அதே மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கணவன் சுதாகர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, விடியும் முன்னே கிளம்பிவிடுவான். அவள் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். ஆனால் பில் புத்தகத்துக்குப் பின்பக்கம் பென்சிலை வைத்ததும் குரல் மாறிவிட்டது.

"சுனை தன்னத்தானே வேகமா சுத்துதுன்னு வெச்சா?" என்றாள் கிறிஸ்டினா.

"அது பொறந்து எத்தினி வருசம் ஆச்சுங்க?"

"நானூறு கோடி."

"அப்ப எப்பவோ நின்னிருக்கும். ஆழி இழுத்து இழுத்து நிறுத்திடும்."

"இப்பத்தான் பொறந்த நிலவுன்னு வெச்சா?"

"அப்ப மரம் கிடையாது. ஆளுங்களும் கிடையாது. அதுக்கெல்லாம் காலம் வேணும் இல்லைங்களா?"

"தள்ளி வெச்சா? அறுபது நாளைக்கு ஒரு சுத்து."

"ராத்திரியே முப்பது நாளு வரும். ஏரியெல்லாம் உறைஞ்சிடும்."

இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் பூட்டியிருந்தது. கிறிஸ்டினா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பரவால்லம்மா. தெரிஞ்சே தப்ப அச்சில விட என்னால முடியாது. நிறுத்திடச் சொல்லி மறுபடி எழுதிடறேன்."

சங்கீதாவின் கண் நிறைந்துவிட்டது. "நிறுத்தறதுக்கா நான் எழுதனேன்? அஞ்சு வருசமா நான் ஒரு சமன்பாடு எழுதல. உங்க கதையப் படிச்சிட்டுத்தான், எட்டு நாளுன்னா எவ்ளோ தூரத்துல இருக்கும், ஆழி எவ்ளோ பெருசா தெரியும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். ராவும் பகலும் அதுவேதான் ஓடிகினு இருந்திச்சு. அது இல்லைன்னு ஆயிடக் கூடாதுக்கா."

மேடம் அக்கா ஆனதை இருவருமே கவனிக்கவில்லை. கிறிஸ்டினா தோளிலிருந்து பையை இறக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. "எவ்ளோ பெருசா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நம்ம நிலாவப் போலப் பதினாலு மடங்கு அகலம். ஏழு டிகிரி."

"சரி. பத்து நாள் பாப்போம்" என்றாள் கிறிஸ்டினா.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டிராயிங் ஆபீஸ் போன் அடித்தது. போன் இருப்பது சிவப்பிரகாசத்தின் மேசையில். அவர் எடுத்தார், கேட்டார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அறை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "கிறிஸ்டினா, குள்ளஞ்சாவடியிலேருந்து யாரோ. நிலா ஆடுதாம்."

ஆபீஸ் சிரித்தது. கிறிஸ்டினா சிரிக்காமல் ஓடினாள்.

"அக்கா, நம்ம நிலாவே ஆடுது! புக்குல படிச்சது மறந்துட்டேன். ஒரே மூஞ்சின்னு சொல்றோம், ஆனா பாதிக்கு மேலயே நம்ம கண்ணுக்குத் தெரியுது. கொஞ்சம் இப்பிடி, கொஞ்சம் அப்பிடி ஆடறதால ஓரம் தெரியுது. சுனையும் ஆடலாம். பாதை மட்டும் சுத்தமான வட்டமா இருக்கக் கூடாது."

"அது எப்படி ஆட்டும்?"

"தன்னத்தானே சுத்தறது ஒரே வேகம். ஆனா பாதை நீட்டமா இருந்தா, ஆழிக்குக் கிட்ட வரும்போது வேகமா ஓடும், தூரப் போகும்போது மெதுவா போகும். ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். மூஞ்சி நேரா நிக்காம அசையும்."

"எவ்ளோ அசையும்?"

"நூத்துல மூணு பங்கு நீட்டமா இருந்தா, ரெண்டு பக்கமும் சேத்து ஏழு டிகிரி கிட்ட வருது. நான் குறுக்கு வழியில போட்டேன். சரியான்னு தெரியல."

"நான் வரைஞ்சு பாக்கறேன். எப்படி வரையணும், அத மட்டும் சொல்லு."

"சமமான நேரத்துல சமமான பரப்பு. அவ்ளோதான் விதி."

அந்த வார்த்தை கிறிஸ்டினாவுக்குப் பழக்கமான வார்த்தை. பரப்பு அளப்பது அவள் தினமும் செய்கிற வேலை. நிலக்கரிப் படுகையின் ஓரத்தில் பிளானிமீட்டரின் ஊசியை ஓட்டி ஏக்கர் கணக்கு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் பெரிய ஷீட்டில் சுனையின் பாதையைப் போட்டாள். பார்வைக்கு வட்டமாகவே இருந்தது. ஆழியை மட்டும் நடுவிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாள். பிளானிமீட்டரை ஓட்டி, பாதைக்குள் அடங்கிய பரப்பை எட்டுச் சமத் துண்டுகளாகப் பிரித்தாள். ஒரு துண்டு ஒரு நாள். ஒவ்வொரு நாள் முடிவிலும் சுனையை ஒரு புள்ளியாக வைத்து, அது பார்க்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டாள். நாளுக்கு நாற்பத்தைந்து டிகிரி திரும்பும் அம்பு.

எல்லா அம்புகளும் ஆழிக்கு நேரே நிற்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு பக்கம் விலகியது. நாலாம் நாள் நேராயிற்று. ஆறாம் நாள் மறுபக்கம் விலகியது. கோணமானியை வைத்து அளந்தாள். ஒரு பக்கம் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. மறுபக்கமும் அதே.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குள்ளஞ்சாவடிக்குப் போனாள். பூத்தின் மேசையில் அது கொள்ளவில்லை. கனகம் வெற்றிலைக் கூடையை நகர்த்தித் தரையில் இடம் விட்டாள். சங்கீதா முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அம்பாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறு புள்ளி ஒம்பது" என்றாள் கிறிஸ்டினா.

"எனக்கும் அதேதான் அக்கா." சங்கீதா கையை எடுக்கவில்லை. "நாம ரெண்டு பேரும் வேற வேற வழியில போயி ஒரே எடத்துக்கு வந்துட்டோம்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேலை. ஆழி ஏறி இறங்குவது சுனையின் எல்லா ஊரிலும் தெரியாது. நடுவில் இருக்கும் ஊர்களில் அது தலைக்கு மேலே சற்று அசையும், அவ்வளவுதான். அடிவானத்தில் அது நிற்கும் எல்லைக்கோட்டில், மலையடிவாரத்து ஊர்களில் மட்டும்தான் எட்டு நாளைக்கு ஒருமுறை முழு ஆழியும் மேலே வந்து, நின்று, மறுபடி இறங்கும். ஆகவே வரைபடத்தில் நாச்சியின் ஊரை ஏரிக்கரையிலிருந்து பெயர்த்து எல்லைக்குக் கொண்டுபோனாள் கிறிஸ்டினா. ஊர் போனதும் ஆறும் போயிற்று, பாதைகளும் போயின. சுனை சுற்றும் பாதை எப்போதும் நீண்டே இருக்க ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள் சங்கீதா. அதற்காகப் பதினாறு நாளில் சுற்றும் இன்னொரு நிலவைச் சேர்த்தார்கள். அந்த இழுப்பில் சுனை உள்ளுக்குள் சூடாகும், நிலம் அவ்வப்போது நடுங்கும், வெந்நீர் ஊற்று வரும். இனி வரும் பகுதிகளில் இருந்த கல் வீடுகளை எல்லாம் இடித்துவிட்டு மர வீடுகள் கட்டினாள் கிறிஸ்டினா.

"சுனையோட மறுபக்கத்து ஜனங்க ஆழியப் பாக்கவே மாட்டாங்க இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பாக்க மாட்டாங்க. அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது. யாராவது நடந்து வந்து பாத்துட்டுப் போயி சொன்னாத்தான் தெரியும்" என்றாள் சங்கீதா.

கிறிஸ்டினா பேனாவை மூடி வைத்தாள். நாச்சியின் அப்பா எங்கே போனார் என்று ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. ஆழியைப் பார்த்தேயிராத ஊர்களுக்கு, அதைப் பற்றிச் சொல்லப் போயிருக்கிறார்.

எட்டு நாளில் ஒரு சுற்று என்றால் பகல் நாலு நாள், இரவு நாலு நாள். அந்த நாலு நாள் வெளிச்சத்தில் மனிதர்கள் எப்படித் தூங்குவார்கள் என்பதை மட்டும் சங்கீதாவிடம் கேட்கவில்லை. அது தைரியநாதனுக்குத் தெரியும். இருபது வருஷமாக மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறித் தூங்கியவன்.

"சூரியன் இருக்கா இல்லியான்னு பாக்கவே கூடாது" என்றான். "ஜன்னல்ல கறுப்புப் பேப்பர் ஒட்டிடணும். வயிறு கொஞ்சம் காலியா இருக்கணும். தெருவுல எல்லாரும் ஒரே நேரத்துல தூங்கக் கூடாது. பாதிப் பேரு முழிச்சிகினு இருந்தாத்தான் மீதிப் பேரு பயமில்லாம தூங்குவான்."

அந்தக் கடைசி வரியைக் கிறிஸ்டினா அப்படியே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தாள்.

நவம்பர் இதழில் மூன்றாம் பகுதி வந்தது. அதன் அடியில் ஒரு கட்டத்துக்குள் ஒரு வாக்கியம் போடச் சொல்லி ஆசிரியரிடம் அடம்பிடித்து வாங்கியிருந்தாள்: "முதல் பகுதியில் 'தினமும்' என்று இருப்பதை 'எட்டு நாளைக்கு ஒருமுறை' என்று திருத்திப் படிக்கவும். பிழையைச் சுட்டிக்காட்டி வழி கண்டவர்: சங்கீதா, குள்ளஞ்சாவடி."

அந்தக் கட்டத்தைப் பார்த்த வாசகர்கள் பதினேழு பேர், யார் அந்தச் சங்கீதா, அந்த நிலவு உண்மையிலேயே இருக்க முடியுமா என்று கேட்டு எழுதினார்கள். ஆசிரியர் அந்தக் கடிதங்களையெல்லாம் ஒரே உறையில் போட்டுப் பூத்துக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுத முடியுமா என்று கேட்டார். சங்கீதா பத்து நாளாக முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சுதாகர்தான், "எனக்குப் புரியற மாரி எழுது, போதும்" என்றான். வேலை விட்டு வந்து சாப்பிட உட்காரும்போது ஒவ்வொரு பத்தியாக அவனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் "இந்த எடம் புரியல" என்று சொன்ன இடங்களையெல்லாம் மாற்றினாள்.

ஏப்ரல் இதழில், தொடர்கதைக்கு எதிர்ப்பக்கத்தில், அவள் பெயர் போட்டு அது வந்தது. கிறிஸ்டினா இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனாள். பூத்தில் கூட்டமில்லை. கனகம், "படி, கேப்போம்" என்றாள். மருமகள் எழுதியது அச்சில் வந்திருக்கிறது என்று பக்கத்துக் கடைகளில் எல்லாம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

சங்கீதா படித்தாள். கனகம் வெற்றிலையைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் விரல் விட்டு எண்ணினாள்.

"நாலு நாளு வெயிலு. நாலு நாளு இருட்டு."

"ஆமா அத்தை."

"மழை எப்ப பெய்யும்?"

சங்கீதா கிறிஸ்டினாவைப் பார்த்தாள். கிறிஸ்டினா சங்கீதாவைப் பார்த்தாள். இருவரும் அதை யோசிக்கவே இல்லை. ஆறு இருந்தது, ஏரி இருந்தது, ஊற்று இருந்தது. மழை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கணக்குப் போடவில்லை.

"மழை இல்லாம எப்பிடி ஊரு இருக்கும்?" என்றாள் கனகம். குறை சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நாலு நாள் வெயில்ல ஏரித் தண்ணி நெறைய ஆவியாகும்" என்று சங்கீதா மெதுவாக ஆரம்பித்தாள். "இருட்டுப் பக்கத்துலேருந்து குளிர் காத்து வரும்..."

"ரெண்டும் எங்க மோதும்?" என்றாள் கிறிஸ்டினா.

"வெயிலு சாயற பக்கம் பாருங்க" என்றாள் கனகம். "இங்கயே சாயந்தரமாத்தான் மேகம் தெரளுது."

கிறிஸ்டினா பையிலிருந்து சுருட்டிய ஷீட்டை எடுத்துத் தரையில் விரித்தாள். ஓரங்கள் சுருண்டு சுருண்டு எழும்பின. கனகம் இரண்டு வெற்றிலைக் கட்டுகளை எடுத்து இரண்டு மூலையிலும் பாரமாக வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.